கல்லூரியைத் தேடித் தருபவருக்குக் கூலி கொடுப்பவர் யார்?

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகும் நாளில் தமிழ்நாட்டின் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் ஒரே கேள்வி எழுகிறது: அடுத்து எங்கே சேர்ப்பது? முன்பு ஆசிரியரிடமும் உறவினரிடமும் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இன்று கைப்பேசியில் தேடுகிறார்கள். கல்லூரிகளை வரிசைப்படுத்தும் தளங்கள், ஒப்பிட்டுக் காட்டும் தளங்கள், 'உங்கள் கட்-ஆஃப் மதிப்பெண்ணுக்கு இந்தக் கல்லூரி கிடைக்கும்' என்று கணித்துச் சொல்லும் தளங்கள் எனத் திரை நிரம்பிவிடுகிறது. நான்கு ஆண்டுப் படிப்பையும் பல லட்ச ரூபாய்ச் செலவையும் தீர்மானிக்கும் இந்தத் தகவல்களை எந்த அளவுக்கு நம்பலாம்? அதற்கு ஓர் உரைகல் இருக்கிறது. இந்தத் தகவல் பொய்யென்று தெரிய வந்தால் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் யார்? ஒவ்வொரு தகவலையும் படித்தவுடன் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பழகுவதே மாணவருக்குப் பாதுகாப்பு.

பணம் எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலான கல்லூரித் தேடல் தளங்கள் மாணவரிடம் கட்டணம் வாங்குவதில்லை. ஆனாலும் அவற்றை நடத்தப் பணம் வேண்டும். அந்தப் பணம் முக்கியமாக இரண்டு வழிகளில், கல்லூரிகளிடமிருந்து வருகிறது. பட்டியலில் கண்ணில் படும் இடத்தில் தோன்றுவதற்குக் கல்லூரி செலுத்தும் விளம்பரக் கட்டணம் ஒன்று. 'இலவச ஆலோசனை' என்ற படிவத்தில் மாணவர் நிரப்பும் பெயர், கைப்பேசி எண், மதிப்பெண், ஊர் ஆகிய விவரங்களைக் கல்லூரிகளுக்குக் கொடுத்துப் பெறும் தொகை மற்றொன்று. தொழில் வட்டாரத்தில் இந்த விவரத்துக்கு 'லீட்' என்று பெயர். தமிழ்நாட்டின் பொறியியல் கலந்தாய்வில் 400-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் பங்கேற்கின்றன. கலந்தாய்வு முடிந்த பிறகும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான இடங்கள் காலியாகவே கிடக்கின்றன. நிரம்பாத ஓர் இடம் கல்லூரிக்கு நான்கு ஆண்டுக் கட்டண இழப்பு. எனவே ஒரு மாணவரின் கைப்பேசி எண்ணுக்கு விலை கொடுக்கக் கல்லூரிகள் முன்வருகின்றன. படிவத்தை நிரப்பிய மறுநாளிலிருந்து வீட்டுக்கு வரும் ஓயாத அழைப்புகளின் தொடக்கம் இதுதான்.

விளம்பரம் வாங்குவது தவறில்லை. விளம்பரத்தை ஆலோசனைபோல் காட்டும்போதுதான் தவறு நேர்கிறது. இது வெறும் ஊகமல்ல என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சான்றாகச் சொல்லலாம். படைவீரர்களுக்கு ஏற்ற கல்லூரிகளைத் தேடித் தருவதாகச் சொன்ன 'விக்டரி மீடியா' நிறுவனத்தின் மீது அந்நாட்டின் மத்திய வர்த்தக ஆணையம் 2017-இல் நடவடிக்கை எடுத்தது. நிறுவனம் தானே வகுத்த தகுதியைப் பெறாத கல்லூரிகளும், பணம் செலுத்திய காரணத்தால் அதன் தேடல் கருவியில் இடம்பெற்றன என்பது குற்றச்சாட்டு. தேடியவருக்கு அது ஆலோசனையாகத் தெரிந்தது. பணம் கொடுத்தவருக்கு அது விளம்பரமாக இருந்தது. அங்கே விசாரிக்க ஓர் ஆணையம் இருந்ததால் விஷயம் வெளியே வந்தது. நம் மாணவர்கள் பார்க்கும் பட்டியல்களில் எந்தக் கல்லூரி பணம் கொடுத்து இடம்பெற்றது, எது தகுதியால் இடம்பெற்றது என்று பிரித்துக் காட்டும் ஏற்பாடு பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை. ஊர்ப்பக்கத்து அரசுக் கலைக் கல்லூரியிடம் முதல் திரையில் இடம் வாங்க விளம்பர நிதியும் இல்லை.

கணிப்பும் கலந்தாய்வும்

மாணவர்கள் அதிகம் நாடுவது, எந்தக் கல்லூரியில் இடம் கிடைக்கும் என்று கணிக்கும் கருவிகளை. பொறியியல் கலந்தாய்வுக்கான கட்-ஆஃப் 200 மதிப்பெண்ணுக்குக் கணக்கிடப்படுகிறது: கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. ஆனால் இடத்தைத் தீர்மானிப்பது தரவரிசை எண். ஓர் ஆண்டில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள் பெருகினால், சென்ற ஆண்டு இடம் வாங்கித் தந்த அதே கட்-ஆஃப் இந்த ஆண்டு பல ஆயிரம் இடங்கள் பின்னுக்குப் போய்விடும். அதோடு தமிழ்நாட்டில் 69 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. பிற்படுத்தப்பட்டோர், பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் இனத்தவர், அருந்ததியர், பழங்குடியினர் என்று ஒவ்வொரு பிரிவுக்கும் இறுதி எண் வேறு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடும் உண்டு. இவற்றையெல்லாம் கேட்காமல் ஒரே ஒரு எண்ணை வைத்துக் கல்லூரியின் பெயரைச் சொல்லும் கருவி தமிழ்நாட்டு மாணவருக்குப் பயன்படாது.

இதன் பாதிப்பு விருப்பப் பட்டியலில் தெரியும். கருவி சொன்ன பத்துக் கல்லூரிகளோடு நிறுத்திக்கொண்ட மாணவர், தனக்குக் கிடைத்திருக்கக்கூடிய நல்ல கல்லூரியைப் பட்டியலில் சேர்க்காமலேயே விட்டுவிடுகிறார். கலந்தாய்வில் எத்தனை கல்லூரிகளை வேண்டுமானாலும் வரிசைப்படுத்திக் கொடுக்கலாம். 'உனக்கு அரசு ஒதுக்கீட்டில் எதுவும் கிடைக்காது' என்று கணிப்பு சொன்னால் நிலைமை இன்னும் மோசம்: அச்சத்தில் குடும்பம் நிர்வாக ஒதுக்கீட்டுக்கு முன்பணம் கட்டிவிடுகிறது. முந்தைய ஆண்டுகளின் கல்லூரிவாரி, பாடவாரி, பிரிவுவாரி இறுதி விவரங்களைக் கலந்தாய்வை நடத்தும் அமைப்பே வெளியிடுகிறது. அதைப் பார்க்கக் கணிப்பான் தேவையில்லை. தம் பிரிவில் இரண்டு மூன்று ஆண்டுகளின் இறுதித் தரவரிசை எண்ணை ஒப்பிடும் பொறுமை போதும்.

'100 விழுக்காடு வேலை'

பெற்றோரை அதிகம் ஈர்ப்பது வேலைவாய்ப்பு விழுக்காடு. சரிபார்க்கக் கடினமானதும் அதுவே. நூற்றில் இத்தனை பேர் என்று சொல்லும்போது அந்த நூறு யார் என்று கேட்க வேண்டும். படிப்பில் சேர்ந்த எல்லோருமா, அரியர் இல்லாதவர்கள் மட்டுமா, வளாகத் தேர்வுக்குப் பெயர் கொடுத்தவர்கள் மட்டுமா? ஒரே மாணவருக்கு மூன்று நிறுவனங்கள் பணிக் கடிதம் தந்தால் அது மூன்று வேலையாக எண்ணப்பட்டிருக்கிறதா? ஒருவருக்குக் கிடைத்த மிக உயர்ந்த ஊதியத்தைப் பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, வரிசையின் நடுவில் நிற்கும் மாணவரின் ஊதியத்தைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்களா? இந்தக் கேள்விகளுக்குத் தேடல் தளத்தில் பதில் கிடைப்பது அரிது. ஆனால் என்ஐஆர்எஃப் எனப்படும் தேசியத் தரவரிசையில் இடம்பெறும் கல்லூரிகள், எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் படிப்பை முடித்தார்கள், எத்தனை பேர் வேலைக்குச் சென்றார்கள், அவர்களின் இடைநிலை ஊதியம் என்ன என்று எழுத்தில் கொடுத்த விவரங்கள் பொதுவெளியில் உள்ளன. ஒரே கல்லூரியின் விளம்பரத்தையும் அது தரவரிசைக்குத் தந்த விவரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பெரும்பாலான மிகைகள் வெளிப்பட்டுவிடும்.

தரவரிசையை மட்டும் பார்த்து முடிவெடுப்பதும் போதாது. என்ஐஆர்எஃப் பொறியியல் பட்டியலில் ஆய்வுப் பணிக்கு மட்டும் 30 விழுக்காடு எடை தரப்படுகிறது. முனைவர் பட்டம் படிக்கப் போகிறவருக்கு அது முக்கியம். நான்கு ஆண்டு படித்து வேலைக்குப் போக நினைக்கும் முதல் தலைமுறை மாணவருக்கு அதைவிட முக்கியம், வகுப்பில் ஆசிரியர் இருக்கிறாரா, எத்தனை பேர் தேர்ச்சி பெறுகிறார்கள் என்பது. இணைப்புக் கல்லூரிகளின் பருவத் தேர்வுத் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடுகிறது. தன்னாட்சிக் கல்லூரிகள் தாமே தேர்வு நடத்தித் தாமே திருத்துவதால் அவற்றின் விகிதத்தை இதோடு நேரடியாக ஒப்பிடக் கூடாது. ஆனால் பொதுவான வினாத்தாளை எழுதும் கல்லூரிகளுக்கிடையே வேறுபாட்டைக் காண இதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

அரசு ஆவணம் மட்டும் சுத்தமா?

இங்கே வலுவான மறுப்பு ஒன்று எழும். அரசு அமைப்புகளின் தரவும் பழுதுபட்டதுதானே, பிறகு தனியார் தளங்களை மட்டும் சந்தேகிப்பது என்ன நியாயம்? மறுப்பில் உண்மை இருக்கிறது. ஒரே பேராசிரியர் பல கல்லூரிகளில் முழுநேர ஆசிரியராகக் கணக்குக் காட்டப்பட்டிருப்பதை 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளிப்படுத்தியது. 224 பொறியியல் கல்லூரிகளில் 353 பேர் இப்படிக் காட்டப்பட்டதாக அது குற்றம்சாட்டியது. 2025 பிப்ரவரியில், உயர்ந்த தரச் சான்று வழங்க லஞ்சம் பெற்றதாக நாக் எனப்படும் தேசியத் தர மதிப்பீட்டு அவையின் ஆய்வுக் குழுத் தலைவரையும் உறுப்பினர்களையும் மத்தியப் புலனாய்வுத் துறை கைதுசெய்தது. கல்வி நிறுவனங்கள் தரும் விவரங்களைச் சரிபார்க்காமல் என்ஐஆர்எஃப் பட்டியல் தயாராகிறது என்ற வழக்கில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2025 மார்ச்சில் பட்டியல் வெளியீட்டுக்கு இடைக்காலத் தடை விதித்தது. அவ்வாண்டுப் பட்டியல் செப்டம்பரில்தான் வந்தது. புகழ்பெற்ற நிறுவனங்களும் விலக்கல்ல: அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் அந்நாட்டுத் தரவரிசை ஒன்றுக்குத் தந்த விவரங்களில் உள்ள தவறுகளை அதன் கணிதப் பேராசிரியர் மைக்கேல் தாடியஸ் 2022-இல் எடுத்துக்காட்டிய பிறகு, அது இரண்டாம் இடத்திலிருந்து 18-ஆம் இடத்துக்கு இறங்கியது.

ஆனால் இந்த நிகழ்வுகளைக் கூர்ந்து பார்த்தால் அவை என் வாதத்துக்கே வலு சேர்க்கின்றன. பேராசிரியர் மோசடி எப்படி வெளிப்பட்டது? ஆசிரியர்களின் விவரங்கள் கல்லூரிவாரியாகப் பொதுவெளியில் இருந்தன; அக்கறை கொண்டவர்கள் ஒன்றோடொன்று ஒப்பிட்டார்கள்; அண்ணா பல்கலைக்கழகம் விசாரிக்கவும் கல்லூரிகளிடம் விளக்கம் கேட்கவும் நேர்ந்தது. லஞ்ச வழக்கில் கைது நடந்தது; தரவரிசை வழக்கில் நீதிமன்றம் கேள்வி கேட்டது. அரசு ஆவணம் பொய்யானால் வழக்குத் தொடுக்க ஒரு முகவரி இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட ஓர் அலுவலர் இருக்கிறார். 'தகவல்கள் மாறுதலுக்கு உட்பட்டவை, நாங்கள் பொறுப்பல்ல' என்று அடியில் சிறிய எழுத்தில் போட்டுவிட்டு விலகிக்கொள்ளும் தளத்தை இந்த அளவுக்கு எளிதாகக் கேள்வி கேட்க முடிவதில்லை. அரசுத் தரவில் பிழையே இருக்காது என்று யாரும் உறுதி தர முடியாது. பிழை நேர்ந்தால் தட்டிக் கேட்க வழி இருக்கிறது என்பதே அதன் மதிப்பு.

தளங்களே வேண்டாமா?

அரசுத் தளங்கள் சாமானியருக்குப் புரிவதில்லை என்பது அடுத்த மறுப்பு. இதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கீகாரம் ஒரு தளத்தில், தேர்ச்சி விகிதம் இன்னொன்றில், இறுதித் தரவரிசை வேறொன்றில் எனத் தகவல் சிதறிக் கிடக்கிறது. பெரும்பாலும் ஆங்கிலத்தில், கைப்பேசியில் படிக்க முடியாத நீண்ட அட்டவணைகளாக இருக்கிறது. நெல்லிக்குப்பத்திலோ உசிலம்பட்டியிலோ இருக்கும் கூலித் தொழிலாளி தம் பெண்ணுக்காக இவற்றையெல்லாம் அலசிப் பார்ப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. தனியார் தளங்கள் வளர்ந்தது இந்த வெற்றிடத்தில்தான். எந்தெந்தப் படிப்புகள் உள்ளன, எந்த ஊரில் என்ன கல்லூரி இருக்கிறது என்ற முதல் பட்டியலைத் தயாரிக்க அவை உதவவே செய்கின்றன. நிலம் வாங்கும்போது தரகர் சொல்வதைக் கேட்டுத்தான் இடத்தைப் பார்க்கப் போகிறோம். ஆனால் பதிவு அலுவலகத்தில் வில்லங்கச் சான்று வாங்காமல் முன்பணம் கொடுப்பதில்லை. கல்லூரித் தேடலிலும் அதே விவேகம் போதும்.

மாணவர்களின் மதிப்புரைகளை நம்பலாமே என்பாரும் உண்டு. படிக்கிறவர் சொல்வதற்குத் தனி மதிப்பு உண்டுதான். ஆனால் எழுதியவர் அந்தக் கல்லூரி மாணவர்தானா, பரிசுக்காக எழுதினாரா, குறை சொன்ன உரைகள் நீக்கப்பட்டனவா என்பது வாசிப்பவருக்குத் தெரியாது. இணைய மதிப்புரைகளைத் திரட்டி வெளியிடும் முறைக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-இல் ஒரு தரநிலையை வகுத்தது; அதைப் பின்பற்றுவது நிறுவனத்தின் விருப்பத்துக்கே விடப்பட்டது. உரையாடும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் இதற்கு விலக்கல்ல. இணையத்தில் கிடைக்கும் பழையதையும் புதியதையும், விளம்பரத்தையும் செய்தியையும் கலந்து தெளிவான நடையில் அவை தந்துவிடக்கூடும். நடை தெளிவாக இருப்பது தகவல் சரி என்பதற்குச் சான்றாகாது.

எங்கே தவறக் கூடாது

சில தவறுகளைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். அங்கீகாரத்தில் நேரும் தவறு அப்படிப்பட்டதல்ல. 1956-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 22-ஆம் பிரிவின்படி, சட்டத்தால் உருவான பல்கலைக்கழகங்களும், நிகர்நிலைத் தகுதி பெற்றவையும், நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் தந்தவையும் மட்டுமே பட்டம் வழங்க முடியும். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை யுஜிசி எனப்படும் அந்தக் குழு தொடர்ந்து வெளியிட்டுவருகிறது. தொழிற்கல்விக்கு ஏஐசிடிஇ, செவிலியர் படிப்புக்கு இந்திய நர்சிங் கவுன்சிலும் மாநிலக் கவுன்சிலும், சட்டத்துக்கு பார் கவுன்சில், பி.எட். படிப்புக்கு என்சிடிஇ என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அமைப்பு இருக்கிறது. வெளிநாட்டில் மருத்துவம் படிக்க நினைப்பவருக்கு, படிப்பு குறைந்தது 54 மாதங்கள் இருக்க வேண்டும், ஆங்கிலத்தில் நடக்க வேண்டும், அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2021-இல் விதி வகுத்திருக்கிறது. 'குறைந்த செலவில் எம்.பி.பி.எஸ்.' என்ற விளம்பரத்தில் இந்த நிபந்தனைகளைத் தேடிப் பாருங்கள். அவை சொல்லப்படவில்லையென்றால், பல லட்சம் செலவழித்து வாங்கும் பட்டம் இங்கே மருத்துவராகப் பதிவு செய்யவே உதவாமல் போகலாம்.

செய்ய வேண்டியவை

பெற்றோரும் மாணவரும் உடனே செய்யக்கூடியவை சில. தேடல் தளத்தில் கல்லூரியின் பெயரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசி எண்ணைக் கொடுக்காதீர்கள். சேர விரும்பும் குறிப்பிட்ட படிப்புக்கு இந்தக் கல்வியாண்டில் அனுமதி இருக்கிறதா என்று உரிய கவுன்சிலின் தளத்தில் பாருங்கள். உங்கள் பிரிவில் மூன்று ஆண்டு இறுதித் தரவரிசையையும், தேர்ச்சி விகிதத்தையும், தரவரிசைக்குக் கல்லூரி தந்த வேலைவாய்ப்பு விவரத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். விடுதி, பேருந்து, தேர்வுக் கட்டணங்களைச் சேர்த்து மொத்தச் செலவைக் கல்லூரியிடம் எழுத்தில் கேளுங்கள். 'இன்றே கட்டினால்தான் இடம்' என்று அவசரப்படுத்துகிறவரிடம் அன்று எதையும் கட்டாதீர்கள். விலகும் மாணவருக்குக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும், அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று யுஜிசி 2018-இலேயே அறிவித்திருக்கிறது. பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணும், கலந்தாய்வுக்காக மாவட்டங்களில் இயங்கும் உதவி மையங்களும் கட்டணமின்றி வழிகாட்டுகின்றன.

மாநில அரசு செய்ய வேண்டியது, ஒவ்வொரு கல்லூரிக்கும் தமிழில் ஒரே ஒரு பக்கம். அனுமதிக்கப்பட்ட இடங்கள், கட்டண நிர்ணயக் குழு அனுமதித்த தொகை, பிரிவுவாரி இறுதித் தரவரிசை, தேர்ச்சி விகிதம், ஆசிரியர் பட்டியல், தரச் சான்று எந்த நாள் வரை செல்லும் என்ற ஆறு விவரங்கள் கைப்பேசியில் படிக்கும்படி அதில் இருக்க வேண்டும். தகவல் ஏற்கெனவே அரசு அமைப்புகளிடம் இருக்கிறது. ஓரிடத்தில் சேர்ப்பதற்குப் பெரும் செலவு ஆகாது. 'நான் முதல்வன்' திட்டத்தின் 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சிகளில் இந்தப் பக்கத்தை வாசிக்கக் கற்றுத்தர வேண்டும். கல்லூரிகள் சொல்லும் வேலைவாய்ப்பு எண்ணை ஆண்டுதோறும் சில கல்லூரிகளிலாவது மாணவர்களையே தொடர்புகொண்டு சரிபார்த்து, முடிவை வெளியிட வேண்டும்.

மத்திய அரசின் கையில் சட்டங்கள் தயாராகவே இருக்கின்றன. விளம்பரத்தை மறைத்துக் காட்டுவதையும், பொய்யான அவசரத்தை உண்டாக்குவதையும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2023 வழிகாட்டுதல்கள் தடைசெய்கின்றன. தவறான விளம்பரம் செய்த ஐஏஎஸ் பயிற்சி மையங்களுக்கு அந்த ஆணையம் அபராதம் விதித்திருக்கிறது; அதே கண்டிப்பு கல்லூரித் தேடல் தளங்களின் மீதும் பாய வேண்டும். பணம் கொடுத்து இடம்பெற்ற ஒவ்வொரு கல்லூரியின் பெயருக்கு அருகிலும் 'விளம்பரம்' என்று தமிழில் போட வேண்டும். நாளிதழ்களின் கல்விச் சிறப்பிதழ்களுக்கும் இது பொருந்தும். பிளஸ் டூ முடிக்கும் மாணவர்களில் பெரும்பாலானோர் 18 வயது நிரம்பாதவர்கள். 2023-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவர்களைக் குழந்தைகளாகவே கருதி, விவரம் திரட்டப் பெற்றோரின் சம்மதத்தைக் கட்டாயமாக்குகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. மாணவரின் கைப்பேசி எண் விற்பனைப் பொருளாவதைத் தடுக்க முதலில் இந்தத் தளங்களில்தான் அதை அமல்படுத்த வேண்டும். ஏமாற்றப்பட்டவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யத் தயங்கக் கூடாது. புகார்கள் குவிந்தால்தான் ஆணையம் அசையும். ஒரு குடும்பம் பதிவு செய்யும் புகார் அடுத்த ஆண்டு தேடத் தொடங்கும் இன்னொரு குடும்பத்தின் பணத்தையும் காலத்தையும் காக்கும்.